காடி ஸ்டார்ட் ஆகலையா? போனட்ட தூக்குறதுக்கு முன்னாடி காத தீட்டிக்கோங்க

தீபாவளிக்கு ரெண்டு நாள் இருக்கு, காலைல அஞ்சே முக்கால் மணி, பினாங்கு பிறைல எங்க தாமான்ல (குடியிருப்புல) தெரு லைட்டு கூட அணையல. எனக்கு பாலத்துக்கு அந்த பக்கம் தீவுல இருக்குற பாயான் லெப்பாஸ்ல ஏழு மணி ஷிஃப்ட்டு, ஆறே காலுக்குள்ள பாலத்துல ஏறலன்னா ஜாம்ல மாட்டிக்கிட்டு சூப்பர்வைசர் மூஞ்சிய பாக்க வேண்டி வரும். பழைய மைவில உக்காந்து சாவிய திருப்புனேன். டிக். மறுபடி திருப்புனேன். டிக்டிக்டிக்டிக். மீட்டர்ல இருந்த லைட்டெல்லாம் மங்கி போச்சு. நாலு மாசத்துக்கு முன்னாடிதான் 230 வெள்ளி (ரிங்கிட்) குடுத்து புது பேட்டரி போட்டது, அந்த கடுப்பு வேற.

அதுக்கு முந்துன வாரமும் இதே கூத்துதான். அப்ப ஒரு போமன் (காடி மெக்கானிக்) வந்து சாவிய ஒரே ஒரு தடவ திருப்பி பாத்துட்டு "ஸ்டார்ட்டர் போச்சு, ரீகான் போட்டா 350"ன்னாரு (ஸ்டார்ட்டர்னா இன்ஜின முதல்ல சுத்திவிடுற மோட்டர், ரீகான்னா பழச புதுப்பிச்சது), ஆனா அவர் பேசிக்கிட்டு இருக்கும்போதே காடி தானா ஸ்டார்ட் ஆயிடுச்சு, சரி தீபாவளி முடிஞ்சு பாப்போம்னு விட்டுட்டேன். இப்ப மறுபடி. நான் திருப்பு திருப்புன்னு திருப்பிக்கிட்டு இருக்கேன், பக்கத்து வீட்டு மாமா கைலிய மடிச்சு கட்டிக்கிட்டு கையில கோப்பி ஓ கிளாஸோட வந்துட்டாரு, ரயில்வேல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு.

"தம்பி, நிப்பாட்டுங்க. ஒரே ஒரு தடவ திருப்புங்க, நான் கேக்குறேன்."

திருப்புனேன். கேட்டாரு. போனட்ட தூக்க சொன்னாரு, பேட்டரியோட நெகட்டிவ் கிளாம்ப்ப (மைனஸ் கம்பத்த கவ்வி புடிக்கிற பிடி) ரெண்டு விரலால புடிச்சு லேசா அசைச்சாரு, அது பாட்டில் மூடி மாதிரி சுத்துச்சு. 10 நம்பர் ஸ்பேனர் கேட்டாரு, நட்ட ஒரு சுத்து முறுக்குனாரு, இப்ப திருப்புங்கன்னாரு. ஒரே அடில ஸ்டார்ட்டு. "அந்த 350 வெள்ளிக்கு வீட்டுல முறுக்கு சுட சொல்லுங்க, இங்க நான் முறுக்கிட்டேன்"னு சொல்லிட்டு கோப்பிய குடிச்சுக்கிட்டே போயிட்டாரு.

அன்னைலேர்ந்து நான் கத்துக்கிட்டது இதுதான், ஸ்டார்ட் ஆகாத காடிய சத்தத்த வச்சு பிரிச்சா பாதி வேல முடிஞ்சுது, சத்தத்த கேக்காம சாமான மாத்துனா பர்ஸ்தான் காலி ஆகும். கீழ நான் எழுதுறது எல்லாம் அந்த வரிசைலதான். இந்த ஊர்ல ரோட்டுல நிறைய ஓடுற மைவி, வீவா, ஆக்சியா, சாகா, வீரா மாதிரி பெட்ரோல் காடிங்களுக்கு பெரும்பாலும் ஒத்து வரும்.

போனட்ட தொடாம முதல்ல செய்ய வேண்டியது

சிரிக்காதீங்க, ஆனா பாதி பேருக்கு இங்கயே முடிஞ்சிரும். ஆட்டோ கியர் காடின்னா பி-ல (பார்க்) இருக்கான்னு பாருங்க, இருந்தும் சுத்தலன்னா பிரேக்க மிதிச்சுக்கிட்டு என்-க்கு (நியூட்ரல்) தள்ளி திருப்பி பாருங்க. என்-ல சுத்தி பி-ல சுத்தலன்னா பேட்டரி மேல பழி போடாதீங்க, அது கியர்ல இருக்குற சேஃப்டி சுவிட்ச்சு தேஞ்சு போனது இல்ல கியர் கேபிள் தளர்ந்தது. மேனுவல்னா புது காடிங்கள்ல கிளட்ச்ச அடி வரைக்கும் மிதிக்கலன்னா சுத்தவே சுத்தாது, கால் மேட்டு சுருண்டு பெடலுக்கு அடில மாட்டிக்கிட்டாலும் இதே கத.

சாவி திரும்பவே மாட்டேங்குதா, ஸ்டியரிங் லாக் ஆயிருக்கும். ஒரு கையால ஸ்டியரிங்க இடது வலது அசைச்சுக்கிட்டே இன்னொரு கையால சாவிய மெதுவா திருப்புங்க, முரட்டுத்தனமா திருப்புனா சாவிதான் உடையும், அப்புறம் சாவிக்காரர தேடி அலையணும்.

புஷ் ஸ்டார்ட்னா ரெண்டு விஷயம். ஒன்னு பிரேக்கு, நாலஞ்சு தடவ மிதிச்சுட்டா பெடல் கல்லு மாதிரி ஆயிரும், அப்ப லேசா மிதிச்சா காடிக்கு நீங்க மிதிச்சதே தெரியாது, நல்லா அழுத்தி மிதிங்க. யாரையாவது பின்னாடி நிக்க வச்சு பிரேக் லைட்டு எரியுதான்னு பாக்க சொல்லுங்க, எரியலன்னா பிரேக் சுவிட்ச்சோ ஃபியூஸோ போயிருக்கு, காடி ஸ்டார்ட் ஆகாததுக்கு காரணமும் அதுவாத்தான் இருக்கும். ரெண்டாவது, ரிமோட்டுக்குள்ள இருக்குற காசு சைஸ் பேட்டரி, நிறைய காடில சிஆர்2032. அது தீந்து போனாலும் ரிமோட்ட ஸ்டார்ட் பட்டன் மேலயே ஒட்டி வச்சு அமுக்குனா பெரும்பாலான காடி ஸ்டார்ட் ஆயிரும். கடைல போய் நாலஞ்சு வெள்ளிக்கு புதுசு வாங்கி போட்டுக்கலாம்.

அப்புறம் எண்ணெய், அதாவது பெட்ரோல். மீட்டர்ல கால்வாசி காட்டுதுன்னு நம்பிக்கிட்டு இருப்போம், பழைய காடில டேங்க்குக்குள்ள இருக்குற மிதவ ஒரே இடத்துல மாட்டிக்கிட்டு பொய் சொல்லிக்கிட்டே இருக்கும். எண்ணெய் கம்மியா இருக்கும்போது சரிவுல மூக்கு மேல தூக்கி பார்க் பண்ணா பம்ப்புக்கு எண்ணெய் எட்டாம போறதும் உண்டு. சந்தேகமா இருந்தா அஞ்சு லிட்டர் ஊத்தி பாத்துட்டு மத்தத யோசிங்க.

இப்ப காத தீட்டுங்க

ஹெட்லைட்ட போடுங்க. ரேடியோ, ஏர்கான் எல்லாத்தையும் அடைங்க, கண்ணாடிய இறக்குங்க. செவுத்துல விழுற வெளிச்சத்த பாத்துக்கிட்டே சாவிய ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, மூணு செகண்டு திருப்புங்க. காதுல என்ன கேட்டுச்சு, வெளிச்சம் என்ன ஆச்சு, இந்த ரெண்டும் போதும்.

டிக்டிக்டிக்டிக்னு வேகமா அடிச்சு வெளிச்சம் மங்கி போனா பேட்டரில சக்தி இல்ல, இல்லன்னா சக்தி இருந்தும் கிளாம்ப்ப தாண்டி வரல. ஊ... ஊ... ஊன்னு கெழவன் மாடி ஏறுற மாதிரி இழுத்து இழுத்து சுத்துனாலும் அதேதான். "டொக்"ன்னு ஒரே ஒரு கனமான சத்தம், வெளிச்சம் அப்படியே பளிச்னு இருக்கு, அதோட அமைதி, அப்படின்னா ஸ்டார்ட்டர் பக்கம் போங்க. லைட்டு நல்லா எரியுது ஆனா ஒரு சத்தமும் இல்லன்னா ஸ்டார்ட்டருக்கு உத்தரவே போகல, கியர் சுவிட்ச்சு, ரிலே, ஃபியூஸு, சாவி சுவிட்ச்சு, வெளில போட்ட அலாரம், இந்த வரிசைல பாருங்க. லைட்டே எரியலன்னா பேட்டரி சுத்தமா செத்துருச்சு, இல்ல கிளாம்ப் கழண்டு கெடக்கு, இல்ல மெயின் ஃபியூஸ் போச்சு. கடைசியா, வழக்கம் போல நல்லா கிர்ர்ர்னு சுத்துது ஆனா பத்திக்க மாட்டேங்குது, அது முழுக்க வேற கத, அங்க பேட்டரிய மாத்துனா காசு தண்டம்.

பேட்டரி பக்கம்

இத கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா நம்ம ஊர்ல அடிக்கடி வர்ற பிரச்சன இதுதான். குளிர்தான் பேட்டரிய கொல்லும்னு நெனைக்கிறோம், உண்மைல சூடுதான் உள்ள இருக்குற தகட்ட அரிக்குது, தண்ணிய ஆவியாக்குது, குளிர் நாட்டுல அது ஸ்டார்ட் பண்றப்ப காட்டி குடுக்குது, அவ்ளோதான். பினாங்குல வெயில்ல நிறுத்துன காடி போனட்டுக்கு அடில என்ன சூடுன்னு கைய வச்சா தெரியும். இங்க ஒன்றர வருஷத்துலேர்ந்து மூணு வருஷம் வரைக்கும் வந்தா சந்தோஷம், ரெண்டு வருஷம் தாண்டுன பேட்டரிய நம்பி நடுராத்திரி கேமரன் மலைக்கு போகாதீங்க.

ஓட்டாம போட்டாலும் செத்துரும். 2020 மார்ச் 18-ஆம் தேதி எம்சிஓ (கொரோனா ஊரடங்கு) ஆரம்பிச்சப்ப காடிய அப்படியே நிறுத்தி போட்டோமே, எங்க லோரோங்ல (சந்துல) மட்டும் ஆறு காடி படுத்துருச்சு, எங்க அண்ணனோட சாகாவும் அதுல ஒன்னு. ரெண்டு வாரத்துக்கு மேல ஊர்ல இல்லன்னா யாரையாவது வாரம் ஒரு தடவ அர மணி நேரம் ஓட்ட சொல்லுங்க, இல்ல நெகட்டிவ் கிளாம்ப்ப கழட்டி வச்சுட்டு போங்க.

முதல்ல கண்ணால பாருங்க. ரெண்டு கம்பத்துலயும் வெள்ளையாவோ பச்சையாவோ உப்பு மாதிரி பூத்துருந்தா கரண்டு சரியா போகாது. சுடுதண்ணில கொஞ்சம் சோடா மாவு கரைச்சு ஊத்துனா நுரைச்சுக்கிட்டு கரைஞ்சிரும், பழைய டூத்பிரஷ்ஷால தேச்சு நல்ல தண்ணி ஊத்தி தொடைச்சிருங்க. அது ஆசிட்டு சமாச்சாரம், கண்ணுல பட்டுறாம பாத்துக்கோங்க. கழட்டும்போது கறுப்பு கிளாம்ப் முதல்ல, மாட்டும்போது செவப்பு முதல்ல. மாத்தி செஞ்சா ஸ்பேனர் காடி உடம்புல பட்டு பொறி தெறிக்கும், நானே ஒரு தடவ பாத்துருக்கேன், ஸ்பேனர்ல குழி விழுந்துருச்சு. அப்புறம் அந்த கிளாம்ப்ப கையால அசைச்சு பாருங்க, அசையவே கூடாது, அசைஞ்சா எங்க வீட்டு கததான்.

வீட்டுல மல்டிமீட்டர் ஒன்னு வச்சுக்கோங்க, முப்பது நாப்பது வெள்ளில கெடைக்கும், அது இல்லாம பேட்டரிய பத்தி பேசுறது குருடன் யானைய தடவுன மாதிரி. ராத்திரி முழுக்க நின்ன காடில கம்பத்துக்கு கம்பம் வச்சு பாத்தா 12.6 வோல்ட்டு இருந்தா நெறஞ்சிருக்கு, 12.4 பரவால்ல, 12.2 பாதிதான், 12-க்கு கீழ போச்சுன்னா காலி. ஆனா இதோட நிறுத்திராதீங்க, சும்மா இருக்கும்போது 12.5 காட்டிட்டு வேலைன்னு வந்தா கவுந்துர்ற பேட்டரி நிறைய இருக்கு. அதனால ஒருத்தர சாவிய திருப்ப சொல்லிட்டு மீட்டர பாருங்க, சுத்துறப்ப 9.6-க்கு கீழ விழுந்தா பேட்டரி வீக்கு.

இப்ப என்ன மாதிரி ஏமாறாம இருக்குறதுக்கு ஒரு டெஸ்ட்டு. மீட்டரோட ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ் கம்பத்துலயே வைங்க, கிளாம்ப்ல இல்ல, அந்த ஈயக் கம்பத்து தலைல, இன்னொரு முனைய இன்ஜின்ல பெயிண்ட் இல்லாத இரும்புல வைங்க. சாவிய திருப்ப சொல்லுங்க. அர வோல்ட்டுக்கு மேல காட்டுனா நடுவுல எங்கயோ தடங்கல் இருக்கு, கிளாம்ப் தளர்ந்திருக்கு இல்ல இன்ஜினுக்கு போற எர்த் ஒயர் உள்ளயே அரிச்சு போயிருக்கு. அதே மாதிரி பாசிட்டிவ் கம்பத்துலேர்ந்து ஸ்டார்ட்டர் போல்ட்டு வரைக்கும் பாக்கலாம். இந்த டெஸ்ட்டு அன்னைக்கு எனக்கு தெரிஞ்சிருந்தா மாமா கோப்பி ஆறிருக்காது.

ஜம்பர் போடுறது

காடி முட்டாம பக்கத்துல நிறுத்துங்க, ரெண்டும் 12 வோல்ட்டான்னு பாத்துக்கோங்க, லாரி 24-ஆ இருக்கும், கேபிளோட எந்த அண்ணன் வந்தாலும் லாரிலேர்ந்து எடுக்காதீங்க. செவப்ப செத்த பேட்டரி பிளஸ்ல, மறுமுனைய நல்ல பேட்டரி பிளஸ்ல. கறுப்ப நல்ல பேட்டரி மைனஸ்ல, கடைசி முனைய செத்த காடியோட இன்ஜின்ல பேட்டரிக்கு தள்ளி இருக்குற இரும்புல. கடைசி முனைய நேரா பேட்டரில வைக்காததுக்கு காரணம் இருக்கு, பேட்டரிலேர்ந்து ஹைட்ரஜன் வரும், கடைசியா மாட்டும்போது பொறி பறக்கும், ரெண்டும் பக்கத்துல இருக்க கூடாது. நல்ல காடிய ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விடுங்க, அப்புறம் செத்தத திருப்புங்க. ஆனதும் போட்டதுக்கு தலகீழ் வரிசைல கழட்டுங்க. பதினஞ்சு வெள்ளிக்கு விக்கிற மெல்லிசு கேபிள் வாங்காதீங்க, ரப்பர்தான் தடியா இருக்கும், உள்ள இருக்குற செம்பு நூல் மாதிரி இருக்கும், சூடாகுமே தவிர காடி சுத்தாது.

பேட்டரி வீங்கியிருந்தாலோ, அழுகுன முட்ட வாட அடிச்சாலோ ஜம்பரே வேணாம், தள்ளி நில்லுங்க.

ஸ்டார்ட் ஆனதும் மறுபடி மீட்டர வைங்க. இன்ஜின் ஓடும்போது 13.8-லேர்ந்து 14.5 வரைக்கும் காட்டணும். 12 சொச்சமே காட்டுனா ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரண்டு தயாரிக்கிறது) சார்ஜ் பண்ணல, புது பேட்டரி போட்டாலும் ரெண்டு நாள்ல படுத்துரும். சில பழைய ஆளுங்க ஓடுற இன்ஜின்ல பேட்டரி கிளாம்ப்ப புடுங்கி பாத்து "நிக்கல, ஆல்டர்னேட்டர் நல்லாருக்கு"ம்பாங்க, கார்புரேட்டர் காலத்து வித்த அது, இப்ப இருக்குற காடில அப்படி செஞ்சா கம்ப்யூட்டரே போயிரும், யார் செய்ய வந்தாலும் கைய புடிச்சுக்கோங்க.

புது பேட்டரி வாங்குறப்ப பழசு மேல இருக்குற எழுத்த அப்படியே போட்டோ புடிச்சுட்டு போங்க. பழைய மைவி, வீவா மாதிரி சின்ன காடிக்கு என்எஸ்40 குடும்பம், வீரா, சாகாவுக்கு என்எஸ்60. கடைசில எல் இருந்தா பிளஸ் கம்பம் பக்கம் மாறும், எஸ் இருந்தா கம்பம் தடி. தடிக் கம்பத்து கிளாம்ப்ப ஒல்லிக் கம்பத்துல மாட்டுனா எவ்ளோ முறுக்குனாலும் ஒரு நாள் ஆடும். நின்னா தானா இன்ஜின் அணையுற காடிக்கு அதுக்குன்னே இருக்குற பேட்டரிதான் போடணும், வெல ஜாஸ்தின்னு சாதாரணத போட்டா சீக்கிரம் போயிரும்.

பேட்டரியும் புதுசு, ஆல்டர்னேட்டரும் நல்லாருக்கு, ஆனா காலைல காலைல செத்து கெடக்குதுன்னா ஏதோ ஒன்னு ராத்திரி கரண்டு குடிக்குது. நான் பாத்த வரைக்கும் டாஷ்கேம், மலிவு விலை ஆண்ட்ராய்ட் பிளேயர், வெளில போட்ட அலாரம், பின்னாடி சாமான் வைக்கிற டிக்கிக்குள்ள அணையாம எரியுற சின்ன லைட்டு, இதுங்கதான். மல்டிமீட்டர 10 ஆம்பியர்ல வச்சு, கழட்டுன நெகட்டிவ் கிளாம்ப்புக்கும் கம்பத்துக்கும் நடுவுல தொடர்ச்சியா மாட்டிட்டு, கதவெல்லாம் சாத்தி அர மணி நேரம் தூங்க விடுங்க, 50 மில்லி ஆம்பியருக்கு கீழ வந்துரணும். வரலன்னா ஃபியூஸ ஒன்னொன்னா புடுங்குங்க, எத புடுங்குனா இறங்குதோ அதுதான் திருடன். மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்து சாவிய திருப்பிராதீங்க, மீட்டர் ஃபியூஸ் பொசுங்கிரும்.

"டொக்" மட்டும் கேட்டா

சாவிய திருப்புனா சொலினாய்டு (ஸ்டார்ட்டர் மேல இருக்குற காந்த சுவிட்ச்சு) இழுத்து டொக்குங்குது, மோட்டர் சுத்தல. உள்ள மோட்டருக்கு கரண்டு குடுக்குற பிரஷ்ஷு தேஞ்சு போயிருக்கும். ஸ்டார்ட்டர் உடம்புல ஸ்பேனர் கைப்பிடியாலயோ மரக்கட்டையாலயோ லேசா தட்டிக்கிட்டே இன்னொருத்தர திருப்ப சொல்லுங்க, பல தடவ சுத்திரும். அடிக்கிறதுன்னா ஓங்கி இல்ல, கதவ தட்டுற மாதிரி. கியர் ஃப்ரீல, ஹேண்ட்பிரேக் இழுத்து, சட்ட கையெல்லாம் பெல்ட்டுக்கு தள்ளி. இப்படி சுத்துனா ஸ்டார்ட்டர்தான் குற்றவாளின்னு உறுதி, நேரா பட்டறைக்கு ஓட்டுங்க, வழில தே தாரேக் குடிக்க நிறுத்தி இன்ஜின அடைச்சிராதீங்க. முழுசா மாத்துறதுக்கு முன்னாடி பிரஷ் மட்டும் மாத்த முடியுமான்னு கேளுங்க, ஒயரிங் பட்டறைங்கள்ல செய்வாங்க, வெல நிறைய கம்மி.

மேனுவல் காடின்னா தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம், சாவி ஆன்ல, ரெண்டாவது கியர், கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டு ரெண்டு பேர் தள்ளி வேகம் வந்ததும் கிளட்ச்ச பட்டுனு விட்டு உடனே மிதிங்க. ஆட்டோவுக்கு இது ஆகாது, தள்ளுனா வேர்வதான் மிச்சம்.

நல்லா சுத்துது, பத்தல

இங்க மூணே கேள்வி. எண்ணெய் வருதா, பொறி வருதா, காடி உங்க சாவிய ஏத்துக்குதா.

மூணாவதுலேர்ந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் சுலபம். மீட்டர்ல சாவி படமோ பூட்டு படமோ விடாம மின்னிக்கிட்டு இருந்தா இம்மொபிலைசர் (திருட்ட தடுக்குற பூட்டு) உங்க சாவிய அடையாளம் கண்டுக்கல. சாவி கொத்துல வேற காடி சாவி கூட மாட்டியிருந்தா கழட்டிட்டு திருப்புங்க, ஸ்பேர் சாவிய போட்டு பாருங்க. ஸ்பேர் சாவில ஆச்சுன்னா முதல் சாவி சில்லு போச்சு. வெளில போட்ட அலாரமும் சேட்ட பண்ணும், ரிமோட்ல ஒரு தடவ லாக் பண்ணி திறங்க.

எண்ணெய்க்கு, அமைதியான இடத்துல சாவிய ஆன் வரைக்கும் மட்டும் திருப்பி பின் சீட்டு பக்கம் காத வைங்க. ரெண்டு செகண்டு "ங்ங்ங்"னு பம்ப் சத்தம் கேக்கணும். கேக்கலன்னா பம்ப் ஃபியூஸ பாருங்க, அப்புறம் ரிலே, ஃபியூஸ் பெட்டி மூடில படம் இருக்கும், ஹார்ன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே நம்பரா இருந்தா மாத்தி போட்டு பாருங்க, ஹார்ன் அடிக்காம காடி ஸ்டார்ட் ஆனா விடை கெடச்சிருச்சு. ரிலே நல்லாருந்தா பம்ப்புதான். நிறைய காடில பம்ப் பின் சீட்டுக்கு அடிலதான் இருக்கும், சீட்டுல கைய மடக்கி நாலு குத்து குத்திக்கிட்டே ஸ்டார்ட் பண்ணா சில நேரம் உயிர் வரும், பட்டறைக்கு போற அளவுக்கு போதும்.

பொறிய பாக்குறேன்னு ஒயர கையில புடிக்காதீங்க, ஆயிரக்கணக்கான வோல்ட்டு. அதுக்கு பதிலா மோந்து பாருங்க: பத்து செகண்டு சுத்தவிட்டு புகைக்குழாய் பக்கம் போனா பச்ச பெட்ரோல் வாட அடிச்சா எண்ணெய் வருது பொறி இல்ல, வாடையே இல்லன்னா எண்ணெய் வரல. இத வச்சு மட்டும் தீர்ப்பு சொல்ல முடியாது, ஆனா எந்த பக்கம் தேடணும்னு காட்டிரும். பெட்ரோல்ல நனைஞ்சு போயிருந்தா ஆக்சிலரேட்டர அடி வரைக்கும் மிதிச்சுக்கிட்டே சுத்தவிடுங்க, இன்ஜெக்ஷன் காடில கம்ப்யூட்டர் எண்ணெய நிறுத்தி காத்த மட்டும் விடும், பிளக் காஞ்சிரும். எப்ப சுத்துனாலும் பத்து செகண்டுக்கு மேல வேணாம், நடுவுல ஒரு நிமிஷம் இடைவெளி விடுங்க, இல்லன்னா ஸ்டார்ட்டரையும் சேத்து எரிச்சுருவீங்க.

ஹைவேல ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு ஆர்அண்ட்ஆர்ல (ஹைவே ஓய்வு இடம்) சாப்பிட்டு வந்து திருப்புனா பத்தல, முக்கா மணி நேரம் கழிச்சு ஒன்னுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுதுன்னா கிராங்க் சென்சார (இன்ஜின் சுத்துறத கம்ப்யூட்டருக்கு சொல்றது) சந்தேகப்படுங்க, சூட்டுல மயங்கி ஆறுனதும் எழுந்திரிக்கிற ஜாதி அது. ஸ்டார்ட் ஆகாத அந்த நேரத்துலயே புளூடூத் ஸ்கேனர மாட்டி சுத்தவிட்டு ஆர்பிஎம் (இன்ஜின் சுத்துற வேகம்) பூஜ்யம்னு காட்டுதான்னு பாத்தா கையும் களவுமா புடிச்சிரலாம்.

ஒரு சத்தம் மட்டும் கேட்டா நிறுத்திருங்க. வழக்கத்த விட வேகமா, தடையே இல்லாம, மாவு மெஷின் காலியா ஓடுற மாதிரி வ்ரூம்ம்ம்னு ஒரே சீரா சுத்துனா டைமிங் பெல்ட்டு (பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நேரம் சேக்குற பெல்ட்டு) அறுந்திருக்கலாம். காஞ்சில், வீரா, கேம்ப்ரோ இன்ஜின் போட்ட சாகா எல்லாம் பெல்ட்டு, மைவிக்கு செயின். பெல்ட்டு அறுந்த இன்ஜின மறுபடி மறுபடி சுத்துனா சில இன்ஜின்ல வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும், பெல்ட்டு காசு போய் ஹெட்டு (இன்ஜின் மேல்பகுதி) காசு ஆயிரும். டோ பண்ணுங்க, லாரிய வச்சு எடுத்துட்டு போங்க.

ஸ்டார்ட் ஆகி உடனே அணைஞ்சிருதுன்னா, ரெண்டு செகண்டுல அணைஞ்சா மறுபடி இம்மொபிலைசர், ஆக்சிலரேட்டர மிதிச்சா மட்டும் நிக்குதுன்னா திராட்டில் பாடில (இன்ஜினுக்கு காத்து போற வாய்) கரி, சுத்தம் பண்ண சொல்லுங்க போதும்.

மழ, வெள்ளம், எலி

பழைய வீரா, காஞ்சில்ல மழைக்கு மறுநாளோ இன்ஜின கழுவுன அன்னைக்கோ பத்தலன்னா டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு பொறிய பிரிச்சு குடுக்குறது) மூடிக்குள்ள ஈரம், கழட்டி காஞ்ச துணியால தொடைங்க, ஒயருங்களுக்கு டபிள்யூடி-40 அடிங்க.

வெள்ளம்னா கத வேற. 2017 நவம்பர்ல பினாங்க போட்டு பொரட்டுச்சே, அப்ப தண்ணி வடிஞ்ச காலைல நிறைய பேர் செஞ்ச தப்பு, "ஆகுதான்னு பாப்போமே"ன்னு சாவிய திருப்புனது. சீட்டு வரைக்கும் தண்ணி ஏறுன காடிய திருப்பவே திருப்பாதீங்க. சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா அத அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். நெகட்டிவ் கிளாம்ப்ப கழட்டிட்டு, எந்த உயரத்துக்கு தண்ணி வந்துச்சுன்னு போட்டோ புடிச்சுட்டு, டோ பண்ணுங்க. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் இன்சூரன்ஸ்ல வெள்ளம் தனியா சேத்தாதான் வரும், ஸ்பெஷல் பெரில்ஸ்னு கேளுங்க, ரோட்டெக்ஸ் புதுப்பிக்கிறப்ப ஒரு நிமிஷம் பாலிசிய படிங்க.

எலிய மறந்துராதீங்க, தாமான் வீட்டு வாசல்ல பெரிய கால்வாய் இருந்தா அதுங்களுக்கு போனட்டுதான் ஹோட்டல். திடீர்னு எல்லா லைட்டும் மீட்டர்ல ஒரே நேரத்துல எரிஞ்சு காடி பத்தலன்னா, டார்ச் அடிச்சு ஒயருங்க மேல பல்லு தடம், புழுக்கை, கோழி எலும்பு இருக்கான்னு பாருங்க. எங்க அக்கா ஆக்சியால இன்ஜின் மேல பாதி தின்ன கறிபாவ் கெடந்துச்சு.

டோ கூப்புடுறப்ப

ரோட்டுல நின்னுட்டா முதல்ல ஹசார்ட் லைட்டு, ஓரம், முக்கோணம், புள்ளைங்கள இறக்கி தடுப்புக்கு அந்த பக்கம் நிக்க வைங்க, காடிக்கு முன்னாடியோ பின்னாடியோ நிக்காதீங்க. பிளஸ் ஹைவேன்னா 1800-88-0000, பினாங்கு முதல் பாலமும் அவங்ககிட்டதான் இருக்கு. 13.5 கிலோமீட்டர் பாலத்துல நடுவுல நின்னா நீங்களா சரி பண்ற வேல வேணாம், லாரி போறப்ப காடியே ஆடும், கூப்புட்டுட்டு தள்ளி நில்லுங்க.

நீங்க கூப்புடாம ஒரு டோ ட்ரக்கு வந்து "ஏத்திக்கலாம் பாஸ்"னு கொக்கிய மாட்ட ஆரம்பிச்சா கைய காட்டி நிறுத்துங்க. நிறைய இன்சூரன்ஸ்ல டோவிங் இலவசமா சேந்து வருது, எவ்ளோ தூரம் வரைக்கும்னு பாலிசில போட்டிருக்கும், அந்த நம்பர இப்பவே போன்ல ஏத்தி வைங்க, நடுரோட்டுல நின்னுக்கிட்டு பாலிசி பேப்பர தேட முடியாது. வேற வழி இல்லாம வெளி ஆள கூப்புட்டா வெல என்ன, எந்த பட்டறைக்கு போகுதுன்னு வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிட்டு ஏத்துங்க. ஆட்டோ கியர் காடின்னா தட்டு லாரி கேளுங்க, இல்ல முன் சக்கர ஓட்டத்துக்கு முன் சக்கரத்த தூக்குறாங்களான்னு பாருங்க, நாலு சக்கரமும் தரைல உருள கயிறு கட்டி இழுத்துட்டு போனா கியர்பாக்ஸ் போயிரும்.

பட்டறைல போய் "ஸ்டார்ட் ஆகல"ன்னு மட்டும் சொல்லாதீங்க. "ஒரு டொக்கு, லைட்டு மங்கல, என்-ல வச்சாலும் அதே, பேட்டரி 12.5, சுத்துறப்ப 11"ன்னு சொல்லுங்க. முடிஞ்சா சாவிய திருப்புறப்ப போன்ல சத்தத்தோட வீடியோ எடுத்து வச்சுக்கோங்க, பட்டறைக்கு போனதும் நல்ல புள்ளையா ஸ்டார்ட் ஆகுற காடிங்க நிறைய இருக்கு.